ஆறாத காயங்களின் சித்திரச் சாட்சியம்

(கட்சிக் கல்வி முகாமின் கலை இலக்கிய அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1943 நவம்பரில், கம்யூனிஸ்ட் கட்சியின் ஓவியராகப் பணியாற்றிய 28 வயது சித்தபிரசாத், வங்கத்தின் மிட்னாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து சென்றார். பஞ்சம் கிராமங்களைத் தின்று கொண்டிருந்த காலம் அது. பட்டினியால் சுருண்டு கிடந்தவர்களையும், கைவிடப்பட்ட குடிசைகளையும், நாய்களும் கழுகுகளும் சூழ்ந்த பிணங்களையும் அவர் கறுப்பு மையால் வரைந்தார். வரைந்ததோடு நிற்கவில்லை. அந்த மனிதரின் பெயர் என்ன, எந்த ஊர், எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்பதையும் கேட்டு எழுதினார். அந்தப் படங்களும் குறிப்புகளும் ‘பசித்த வங்காளம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் சிறு நூலாக வெளிவந்தன. அச்சிடப்பட்ட 5,000 பிரதிகளையும் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. ஓவியரின் குடும்பத்தார் பாதுகாத்து வைத்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் 2011இல் அந்நூல் மீண்டும் அச்சேறியது.

அரசு நியமித்த விசாரணைக் குழுவே அந்தப் பஞ்சத்தில் 15 லட்சம் பேர் மாண்டதாக ஒப்புக்கொண்டது. ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் என்கின்றனர். இந்த எண்களை வெளியிட அனுமதித்த ஆட்சி, சில கோட்டோவியங்களை மட்டும் ஏன் தாங்கிக்கொள்ளவில்லை? எண்ணிக்கைக்கு முகம் இல்லை. படத்திற்கு முகம் உண்டு. அந்த முகத்திற்குப் பெயரும் ஊரும் இருந்தால், குற்றம் செய்தவன் யார் என்ற கேள்வி தானாகவே எழும்.

இந்த அமர்வின் பொருள் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. கடந்த 50 ஆண்டுகளில் உலகின் பல மூலைகளில் ஓர் இலக்கிய வடிவம் வளர்ந்துள்ளது. போர், இனப்படுகொலை, சிறை, சாதிக் கொடுமை ஆகியவற்றில் உயிர் பிழைத்தவர்கள் தம் நினைவுகளைச் சித்திரக்கதையாக வரைகின்றனர். இதனைச் சித்திரத் தன்வரலாறு எனலாம். சித்திரக்கதை என்றதும் மாயாவியும் மந்திரவாதியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மனித மனத்தின் மிக ஆழமான காயங்களைச் சொல்வதற்கு இந்த எளிய வடிவம் எப்படிப் பொருத்தமானதாயிற்று என்பதும், அதில் இடதுசாரி இயக்கத்திற்கு என்ன பாடம் உள்ளது என்பதும் கவனத்திற்குரியவை.

காயம் நினைவில் தங்கும் விதம்

சாதாரண நினைவு ஒரு கதையைப் போன்றது. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. சொல்லச் சொல்ல அது மெருகேறும். பேரதிர்ச்சியின் நினைவு அப்படிப்பட்டதன்று. அது துண்டு துண்டாகத் தங்குகிறது. ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு கை அசைவு மட்டும் துல்லியமாக நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை இருண்டு கிடக்கும். அழைக்காத வேளையில் அது திரும்பி வரும். சொல்ல முயலும்போது நாக்கு எழாது.

சித்திரக்கதையின் கட்டமைப்பும் துண்டுகளால் ஆனதே. ஒரு கட்டம், அடுத்து ஒரு வெள்ளை இடைவெளி, மீண்டும் ஒரு கட்டம். இரண்டு கட்டங்களுக்கு இடையே என்ன நடந்தது என்பதை வாசகரே நிரப்பிக்கொள்ள வேண்டும். கடந்த காலமும் நிகழ்காலமும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்க முடியும். ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரமுடியும். சொல்ல இயலாத இடத்தில் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடவும் முடியும். காயத்தின் நினைவு எந்த வடிவில் மனத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அதே வடிவில் அதைத் தாளில் வைக்க இக்கலை இடம் தருகிறது.

ஹிரோஷிமா: பார்க்காததையும் வரைந்த கை

1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வெடித்தபோது கெய்ஜி நகசாவா 6 வயதுச் சிறுவன். வெடித்த இடத்திலிருந்து சுமார் 1.2 கிலோமீட்டர் தொலைவில், பள்ளியின் சுவர் மறைத்ததால் உயிர் தப்பினார். தந்தை, அக்கா, தம்பி மூவரும் இடிந்த வீட்டின் அடியில் சிக்கி நெருப்பில் மாண்டனர். கர்ப்பிணியான தாய் அன்றே ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அக்குழந்தையும் நெடுநாள் வாழவில்லை. நகசாவாவின் தந்தை போர் எதிர்ப்பாளர்; அதற்காகச் சிறை சென்றவர்.

போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பத்திரிகைத் தணிக்கையைக் கொண்டுவந்து, அணுகுண்டின் விளைவுகள் பற்றிய செய்திகளை ஒடுக்கியது. தணிக்கை நீங்கிய பிறகும், குண்டுவீச்சில் பிழைத்தவர்கள் நோய்க்கும் புறக்கணிப்புக்கும் அஞ்சி மௌனமாகவே வாழ்ந்தனர். சித்திரக்கதை ஓவியராகிவிட்ட நகசாவாவும் தம் கடந்த காலத்தைப் பேச விரும்பவில்லை. 1966இல் அவருடைய தாய் இறந்தார். தகனம் முடிந்து எலும்புகளைப் பொறுக்கச் சென்றபோது, சாம்பலில் எலும்பே மிஞ்சவில்லை. கதிர்வீச்சு தாயின் எலும்புகளையும் தின்றுவிட்டது என்ற எண்ணம் அவரைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோபத்திலிருந்து பிறந்த படைப்புகளில் தலையானது 1973இல் தொடங்கிய ‘வெறுங்கால் கென்’. முதலில் அது சிறுவர்கள் விரும்பிப் படித்த வணிக வார இதழில் வந்தது. பின்னர் வேறு இதழ்களுக்கு மாறியது. ஜப்பான் கம்யூனிஸ்ட் கட்சியின் பண்பாட்டு இதழும் ஆசிரியர் சங்கத்தின் இதழும் அதனைத் தொடர்ந்து வெளியிட்டன.

இங்கே ஒரு செய்தி மிக முக்கியமானது. தந்தையும் உடன்பிறந்தோரும் எரிந்தபோது நகசாவா அந்த இடத்தில் இல்லை. தாய் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஆனால் கதையில் சிறுவன் கென் அங்கேயே நிற்கிறான். வீட்டின் உத்திரத்தைத் தூக்க முயல்கிறான், தோற்கிறான், தாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். இது பொய்யா? சட்டப் புத்தகத்தின் அளவுகோலில் இது நேரடிச் சாட்சியம் ஆகாது. ஆனால் அந்த மகனின் மனம் வாழ்நாள் முழுவதும் நின்றிருந்த இடம் எரியும் அந்த வீட்டின் முன்புதான். உடல் இல்லாத இடத்தில் மனம் காவல் நின்றது. அதைத்தான் அவர் வரைந்தார். பேரதிர்ச்சிக்கு ஆளானவரின் குற்றவுணர்வை இதைவிட நேர்மையாகச் சொல்வது கடினம்.

போலந்து: தந்தையின் நினைவு, மகனின் கோடு

ஆர்ட் ஸ்பீகல்மேனின் ‘மௌஸ்’ இரு பாகங்களாக 1986லும் 1991லும் நூலாக வந்தது. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பிழைத்த போலந்து யூதரான தந்தையை மகன் பேட்டி காண்கிறார். அந்தப் பேட்டியே கதை. யூதர்கள் எலிகள், ஜெர்மானியர் பூனைகள். யூதர்களை எலிகள் என்றும் கிருமிகள் என்றும் இழித்த நாஜிப் பிரச்சாரத்தையே எடுத்து, அதன் மீதே திருப்பி வீசினார் ஓவியர்.

இந்நூலில் ஒரு பக்கம் நினைவைப் பற்றிய பாடமாகவே அமைந்துள்ளது. முகாமிலிருந்து கைதிகள் வேலைக்கு அணிவகுத்துச் செல்லும்போது வாயிலில் இசைக்குழு வாசித்தது குறித்து ஆவணங்கள் உள்ளன. மகன் கேட்கிறார். தந்தையோ, அப்படி எந்த இசைக்குழுவையும் பார்த்த நினைவில்லை என்கிறார். ஓவியர் என்ன செய்தார்? முதல் கட்டத்தில் இசைக்குழுவைத் தெளிவாக வரைந்தார். அடுத்த கட்டத்தில் அணிவகுத்துச் செல்லும் கைதிகளின் உடல்கள் அதை மறைத்துவிடுகின்றன. வாத்தியங்களின் நுனி மட்டும் தலைகளுக்கு மேல் தெரிகிறது. ஆவணமும் நினைவும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்று அழிக்கப்படவில்லை. உயிருக்கு அஞ்சித் தலை குனிந்து நடந்தவன் எதைப் பார்த்திருப்பான், எதைப் பார்த்திருக்க மாட்டான் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

‘மௌஸ்’ தன் நாயகரைத் தியாகியாக்கவில்லை. தந்தை கஞ்சர், மற்றவர்களை வதைப்பவர். இனவெறியால் குடும்பத்தையே இழந்த அவர், அமெரிக்காவில் மருமகள் தன் காரில் ஒரு கறுப்பினத்தவரை ஏற்றிக்கொண்டதற்காகக் கொதிக்கிறார். துன்பம் தானாக எவரையும் முற்போக்காளராக்குவதில்லை. துன்பத்திலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதை அரசியல் உணர்வுதான் தீர்மானிக்கிறது. இயக்கத்தவர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.

ஈரான்: ஒரு கறுப்புக் கட்டம்

மார்ஜான் சத்ராபியின் ‘பெர்சபோலிஸ்’ 2000 முதல் 2003 வரை பிரான்சில் நான்கு பாகங்களாக வெளிவந்தது. 1979இல் ஷா ஆட்சி வீழ்ந்தபோது அவர் சிறுமி. குடும்பம் இடதுசாரிக் குடும்பம். தந்தையின் சகோதரர் அனூஷ் ஷாவின் சிறையில் 9 ஆண்டுகள் இருந்தவர்; புரட்சியால் விடுதலையானவர். அதே புரட்சியை மதவாதிகள் கைப்பற்றிய பின் மீண்டும் கைதாகி, உளவாளி எனப் பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். கடைசிச் சந்திப்புக்கு அவர் தேர்ந்தெடுத்தது அந்தச் சிறுமியை. சிறையில் ரொட்டியைப் பிசைந்து செய்த அன்னப் பறவையை அவளிடம் கொடுக்கிறார். அவர் மறைந்த பின், பிடிமானம் ஏதுமின்றி இருண்ட விண்வெளியில் மிதக்கும் சிறுமியை ஒரு படம் காட்டுகிறது. ஒரு தலைமுறையின் நம்பிக்கை தகர்ந்ததைச் சொல்ல அந்த ஒரு படம் போதுமானதாக இருக்கிறது.

பின்னர் ஈராக்குடனான போர். ஏவுகணை விழுந்து பக்கத்து வீடு தரைமட்டமாகிறது. இடிபாடுகளிடையே, தோழியின் கைக்காப்பு சிறுமியின் கண்ணில் படுகிறது. அடுத்த கட்டங்களில் அவள் முகத்தை மூடிக்கொள்கிறாள். இறுதிக் கட்டம் முழுக்கக் கறுப்பு. எந்தக் கோடும் இல்லை. சிதைந்த உடலை வரைந்திருந்தால் வாசகர் அருவருத்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். கறுப்பு அவரை நிறுத்தி வைக்கிறது.

அந்நூலை மேலை நாட்டு ஊடகங்கள் இஸ்லாமிய வெறுப்புக்கு எரிபொருளாகப் பயன்படுத்த முயன்றதும் உண்டு. ஆனால் நூலிலோ ஷாவின் சித்ரவதைக் கூடங்களும் அவற்றுக்குப் பின்னிருந்த ஏகாதிபத்திய ஆதரவும், மதவாத ஆட்சியின் தூக்குமேடைகளும் சேர்ந்தே பதிவாகியுள்ளன. பாதியை மட்டும் வாசிப்பது நினைவை மீண்டும் ஒருமுறை திருடுவதாகும்.

காசா: ஒரு அடிக்குறிப்பின் கதை

1956 நவம்பரில், சூயஸ் போரின்போது, காசாவின் கான் யூனிஸ் நகரில் 275 பேரும் ரஃபாவில் 111 பேரும் இஸ்ரேலியப் படையினரால் கொல்லப்பட்டனர் என்பது ஐ.நா. அறிக்கை தரும் கணக்கு. உலகம் அதை மறந்துவிட்டது. ஜோ சாக்கோ என்னும் சித்திரப் பத்திரிகையாளர், இதுகுறித்து முன்பொரு கட்டுரையில் எழுதப்பட்ட பத்தியை இதழாசிரியர்கள் வெட்டிவிட்டதால், காசாவுக்கே திரும்பிச் சென்று முதியவர்களைத் தேடிப் பேட்டி கண்டார். 2009இல் ‘காசாவின் அடிக்குறிப்புகள்’ வெளிவந்தது. இது தன்வரலாறு அன்று. ஆனால் நினைவு என்னும் சிக்கலை இதைப் போல் வெளிப்படையாகக் கையாண்ட நூல்கள் குறைவு.

சாட்சிகளின் சொற்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஒரு முதியவர் தம் சகோதரர்கள் இறந்தபோது உடன் இருந்ததாகச் சொல்கிறார். உறவினர்களின் கூற்று வேறாக உள்ளது. சாக்கோ எதையும் மறைக்கவில்லை. முரண்பாட்டை முரண்பாடாகவே வைத்துவிட்டு, எல்லாச் சாட்சிகளும் ஒத்துப்போகும் இடத்தை நோக்கி வாசகரை அழைத்துச் செல்கிறார்: சுவரோரம் நிறுத்தினார்கள், சுட்டார்கள். பேட்டி நடக்கும்போதே வெளியே புல்டோசர்கள் வீடுகளை இடித்துக் கொண்டிருக்கின்றன. 1956ஐ ஏன் கேட்கிறாய், இன்று நடப்பதைப் பார் என்று இளைஞர்கள் அவரிடம் சலித்துக்கொள்கின்றனர். 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் நடந்துவரும் பேரழிவைக் காணும் எவருக்கும் அந்தச் சலிப்பின் பொருள் விளங்கும். ஆறுவதற்கு அவகாசமே தரப்படாத காயம் அது.

இந்தியா: கட்டங்களுக்குள் அடங்காத நினைவு

நமது நாட்டில் மிகப் பெரிய மனக்காயங்களை உண்டாக்கிய நிறுவனங்களில் முதன்மையானது சாதி. அண்ணல் அம்பேத்கர் 1930களில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளைத் தழுவி, 2011இல் ‘பீமாயணா’ வெளிவந்தது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ்.ஆனந்தும் எழுத, பர்தான் கோண்ட் பழங்குடிக் கலைஞர்களான துர்காபாய் வ்யாமும் சுபாஷ் வ்யாமும் வரைந்தனர்.

பள்ளியில் பியூன் வந்து ஊற்றினால்தான் மகர் சிறுவனுக்குத் தண்ணீர். 1901இல் தந்தையைக் காணச் சென்ற வழியில், கையில் பணமும் உணவும் இருந்தும் குழந்தைகளுக்கு ஒருவரும் குடிநீர் தரவில்லை. வெளிநாட்டில் உயர்கல்வி பயின்று பரோடா அரசுப் பணிக்குத் திரும்பியவரைப் பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கும்பல் விரட்டியது. அவர் அமர்ந்து அழுத இடம் ஒரு பொதுப் பூங்கா. 1929இல் சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர்கள் தீண்டப்படாதவரை ஏற்ற மறுத்ததால், ஓட்டிப் பழகாதவர் வண்டியைச் செலுத்த, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டு எலும்பு முறிந்தது.

இவற்றை வரைந்த கோண்ட் கலைஞர்கள், மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க விரும்பவில்லை என்று கூறிக் கட்டங்களையே மறுத்தனர். தம் வீட்டுச் சுவர்களிலும் தரையிலும் வரையும் வளைகோலங்களால் பக்கங்களைப் பிரித்தனர். அன்பான சொற்கள் பறவை வடிவில் பறக்கின்றன. சாதி நஞ்சு கக்கும் சொற்களுக்குத் தேள் கொடுக்கு முளைத்துள்ளது. சொல் எப்படிக் கொட்டும் என்பதை அனுபவித்தவருக்கு அந்தக் கொடுக்கை விளக்க வேண்டியதில்லை. கதையோ இக்காலத்துப் பேருந்து நிறுத்தம் ஒன்றில், இடஒதுக்கீட்டைக் குறைகூறும் இளைஞரிடமிருந்து தொடங்குகிறது. 2006இன் கயர்லாஞ்சிப் படுகொலையும் உள்ளே வருகிறது. காயம் பழையது, கத்தி இன்னும் உறைக்குள் போகவில்லை.

மாலிக் சஜாத் 2015இல் வெளியிட்ட ‘முன்னு’ காஷ்மீரில் வளர்ந்த ஒரு சிறுவனின் தன்வரலாறு. அங்குக் காஷ்மீரிகள் அழிவின் விளிம்பில் உள்ள ஹங்குல் மான்களாக வரையப்பட்டுள்ளனர். அடையாள அணிவகுப்புக்காக ஆண்கள் மைதானத்தில் குந்த வைக்கப்படுவதும், குழந்தைகள் விளையாட்டாகத் துப்பாக்கி வரைவதும் அன்றாடமாகிவிட்ட ஒரு வாழ்வை அது பதிவு செய்கிறது. அச்சம் ஒரு நாள் நிகழ்வாக வந்துபோகாமல், வீட்டில் ஒருவராகவே குடியேறிவிடுவதை அதில் காணலாம்.

இயக்கத்துக்குள் எழும் ஒரு கேள்வி

தனிமனிதனின் மனவேதனையில் இத்தனை கவனம் செலுத்துவது வர்க்க அரசியலை மழுங்கடிக்காதா என்று தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஏனெனில் முதலாளித்துவம் காயத்தைத் தனிமனித நோயாகவே காண விரும்புகிறது. மாத்திரை கொடு, மறக்கச் சொல், வேலைக்குத் திரும்பச் சொல். காயப்படுத்தியவன் யார் என்று மட்டும் கேட்காதே. பதிப்புச் சந்தையும் கண்ணீரை விற்கத் தெரிந்ததுதான். இரக்கம் கொண்டு புத்தகத்தை மூடி வைத்துவிடும் வாசகரால் யாருக்கும் தீங்கில்லை, பயனுமில்லை.

ஆனால் மேலே கண்ட நூல்கள் செய்வது வேறு. அவை ஒரு மனத்தின் உள்ளே இறங்கி, அங்கே அரசையும், இராணுவத்தையும், சாதியையும், ஏகாதிபத்தியத்தையும் கண்டுபிடித்து வெளியே கொண்டுவருகின்றன. சோம்நாத் ஹோரின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. சித்தபிரசாத்தால் ஊக்கம் பெற்ற அவர், 1946இல் கட்சியின் சார்பில் தேபாகா விவசாயிகள் போராட்டத்தைச் சித்திரக் குறிப்பேடாகப் பதிவு செய்தார். 1970களில் அவர் படைத்த ‘காயங்கள்’ வரிசையில் உருவங்கள் இல்லை. வெள்ளைக் காகிதக் கூழில் வெள்ளையாகவே பதிந்த கீறல்களும் வெட்டுகளும் மட்டும். இளமையில் கண்ட பஞ்சம் 30 ஆண்டுகள் கழித்தும் ஒரு கம்யூனிஸ்ட் கலைஞரின் விரல்களில் இருந்தது. அந்தக் காயத்தைத் தனிமனித விவகாரம் என்று எவர் சொல்ல முடியும்?

மறக்கச் சொல்பவர்கள்

2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு கல்வி வாரியம், வசைச் சொற்களையும் ஒரு நிர்வாணப் படத்தையும் காரணம் காட்டி ‘மௌஸ்’ நூலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2013இல் சிகாகோ பள்ளிகளில் ‘பெர்சபோலிஸ்’ அகற்றப்பட்டது. மாணவர்களே வீதிக்கு வந்து எதிர்த்தனர். ஜப்பானின் மட்சுஏ நகரில் 2012இல் ‘வெறுங்கால் கென்’ பள்ளி நூலக அடுக்குகளிலிருந்து எடுக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டு திரும்பியது. 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடப்பொருளிலிருந்து அதனை நீக்கியது. குழந்தைகளுக்குப் பொருந்தாது என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். குண்டு விழுந்தபோது கென் என்ற குழந்தைக்கு வயது என்ன என்று இவர்கள் கேட்பதில்லை.

நமது நாட்டிலும் 2022இல் பாடச்சுமையைக் குறைப்பது என்ற பெயரில், 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலிலிருந்து 2002 குஜராத் படுகொலைகள் பற்றிய பகுதிகளை என்.சி.இ.ஆர்.டி. நீக்கியது. 1943இல் 5,000 பிரதிகளை அழித்த கையும் இந்தக் கையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

செய்ய வேண்டியவை

தேபாகா, தெலங்கானா, புன்னப்புரா-வயலார் ஆகிய போராட்டங்களை நேரில் கண்டவர்கள் ஏறத்தாழ மறைந்துவிட்டனர். அவசரநிலைக் காலச் சிறைவாசிகளும் முதுமையில் உள்ளனர். வகுப்புக் கலவரங்களிலும் சாதி வன்முறைகளிலும் பிழைத்தவர்கள் கிளைகள் இயங்கும் பகுதிகளிலேயே வாழ்கின்றனர். அவர்களிடம் செல்ல வேண்டும். செல்லும்போது இந்த நூல்கள் கற்பிக்கும் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். பேச விரும்பாதவரைப் பேசவைக்கக் கூடாது. மௌனமும் ஒரு பதிவுதான். தேதி பிசகினால் சாட்சியைப் பொய்யர் ஆக்கக் கூடாது. ஆவணத்தோடு ஒப்பிட்டு இரண்டையும் குறித்து வைக்க வேண்டும். கூட்ட மேடைக்குப் பொருந்தும்படி நினைவை வெட்டித் தைக்கக் கூடாது. கிளைகளில் வரையத் தெரிந்த இளைஞர்கள் இருக்கின்றனர். மேடைத் தட்டியும் சுவரெழுத்தும் மட்டுமே அவர்களுடைய வேலை என்று இருந்துவிடாமல், ஒரு முதியவரின் முன் அவர்களைத் தாளோடு உட்கார வைக்க வேண்டும்.

சித்தபிரசாத்திடம் பெரிய கருவிகள் எவையும் இல்லை. மையும் காகிதமும் நடக்கக் கால்களும் இருந்தன. வரைவதற்கு முன் அவர் எதிரே கிடந்தவரின் பெயரைக் கேட்டார். பேரரசு போய்விட்டது. அந்தப் பெயர்கள் இருக்கின்றன.